ஓய்வுபெற்ற போர் விமானத்தை டெல்டாவில் காப்பது எப்படி? – கேள்வி பதில்

1963இல் நம் விமானப்படைக்கு வந்த மிக்-21 போர் விமானம், 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. அதற்குப் பிறகு தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கத்திலிருந்து நிறையப் பேர் எனக்கு எழுதுகிறார்கள். கல்லூரி வாசலில் ஒரு ஜெட் நிறுத்தலாமா, ஏற்கெனவே நிற்பதை எப்படிப் பராமரிப்பது என்று கேட்கிறார்கள். விமானப்படையில் ஏர்ஃப்ரேம் (விமானத்தின் உடற்கட்டமைப்பு) பிரிவில் வேலை பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு, காட்சிக்கு வைத்த பழைய விமானங்களைச் சீர்செய்யும் வேலையில் இருக்கிறேன். வந்த கேள்விகளில் மற்றவர்களுக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஐயா, எங்கள் கல்லூரிக்கு ஒரு பழைய போர் விமானம் கிடைக்கும்போல் இருக்கிறது. நுழைவாயிலில் தூண் கட்டி, மூக்கு வானத்தைப் பார்க்கும்படி நிறுத்தலாம் என்பது நிர்வாகத்தின் ஆசை. கூரை அவசியமா? – பேராசிரியை, திருவாரூர்

அவசியம் அம்மா. கூரைக்குப் பணம் ஒதுக்கிவிட்டு அப்புறம் விமானத்துக்கு விண்ணப்பம் எழுதுங்கள்.

பறந்துகொண்டிருந்த காலத்தில் இந்த விமானம் மழையில் நனையாமலா இருந்தது என்று கேட்பார்கள். நனைந்தது. ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் பின்னும் ஆட்கள் அதைச் சுற்றிவந்து பார்த்தார்கள். மூடிகளைத் திறந்து துடைத்தார்கள், கிரீஸ் வைத்தார்கள், காலக்கெடு வந்ததும் பிரித்து மேய்ந்தார்கள். தூணில் ஏற்றிய மறுநாளிலிருந்து அதைத் திறந்து பார்க்க ஆள் கிடையாது. இருபது அடி உயரத்தில் இருப்பதை யார் ஏறிப் பார்ப்பது?

விமானத்தின் தோல் சுத்தமான அலுமினியம் இல்லை. நான்கு சதவீதம் அளவுக்குச் செம்பு கலந்த துராலுமின் வகை. ரஷ்ய விமானங்களில் இதை டி-16 என்பார்கள். அதிகப் பளு தாங்க வேண்டிய இடங்களில் துத்தநாகம் கலந்த வேறொரு உலோகக்கலவை இருக்கும். இறக்கையை உடம்போடு இணைக்கும் போல்ட் எஃகு. சக்கர வார்ப்பிலும் சில கியர்பெட்டி உறைகளிலும் மெக்னீசியம். இத்தனை உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் கொஞ்சம் ஈரம் தங்கினால் போதும், மின்வேதி அரிப்பு தொடங்கிவிடும். எஃகு போல்ட் நன்றாக இருக்கும், அதைச் சுற்றியுள்ள அலுமினியம் கரையும். மெக்னீசியத்தின் நிலைமை இன்னும் மோசம்.

விமானத்தின் வயிற்றில் வடிகால் துளைகள் வரிசையாக உண்டு. உள்ளே சேரும் தண்ணீர் வழிந்துபோக, விமானம் தன் சக்கரத்தில் சமமாக நிற்கும் நிலையைக் கணக்கிட்டு வைத்தவை அவை. மூக்கைத் தூக்கி நிறுத்தினால் அந்தக் கணக்கு தப்பிவிடும். தண்ணீர் வால் பக்கம் ஓடி, துளையே இல்லாத அறைகளில் தேங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தேங்கியது மாசியில்கூடக் காயாது. அதனால் தரையில், அதன் சொந்தக் காலில், தலைக்கு மேல் கூரையோடு நிறுத்துங்கள். வாசலில் தெரியவில்லையே என்றால் கொட்டகையை வாசலுக்குப் பக்கத்தில் போடுங்கள்.

கொட்டகை எப்படி இருக்க வேண்டும் என்று அடுத்த கேள்வி வரும். நாலு பக்கமும் தகரம் அடித்து மூடாதீர்கள். மார்கழிப் பனிக்கு உள்ளே உலோகம் குளிர்ந்து, காலையில் காற்று சூடேறும்போது விமானத்தின் மேல் வியர்த்துக் கொட்டும். உயரமான கூரை, சாரல் அடிக்காத அளவுக்கு நீண்ட இறவாரம், பக்கவாட்டில் காற்று போக வழி, தரைமட்டத்தை விட உயர்த்திய கான்கிரீட் தளம், இவ்வளவு இருந்தால் நம் ஊருக்குப் போதும். குளிர்சாதன மண்டபம் கட்ட வசதி இருந்தால் காற்றின் ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்கலாம். ஆனால் பகலில் ஓட்டி இரவில் நிறுத்துகிற ஏ.சி. எதற்கும் உதவாது, ஏற்ற இறக்கம்தான் அதிகமாகும்.

கடலுக்குப் பக்கத்தில் எங்கள் நிறுவனம். காட்சிக்கு நிற்கும் பயிற்சி ஜெட்டில் ரிவெட் வரிசையை ஒட்டி பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது. குத்திப் பார்த்தால் வெள்ளைப் பொடி. மேலே இன்னொரு கோட்டிங் அடித்துவிடலாமா? – பராமரிப்பு மேற்பார்வையாளர், நாகப்பட்டினம்

அடிக்காதீர்கள். அந்த வெள்ளைப் பொடி அலுமினியம் அரிந்து வந்தது. மேலே பெயிண்ட் அடித்தால் உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டியதாகும்.

முதலில் ஒரு கொப்புளத்தைப் பிளாஸ்டிக் தகட்டால் மெதுவாகச் சுரண்டி, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். சின்னச் சின்னக் குழி மட்டும் தெரிந்தால் பிழைத்தீர்கள். அந்த இடத்தை நைலான் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, உப்பு நீங்கக் கழுவி, நன்றாகக் காயவைத்து, பிரைமர் அடித்து, பெயிண்டைத் தொட்டு வைத்தால் நிற்கும். ஓரத்தில் உலோகமே அடுக்கு அடுக்காக உப்பி, ஈரம் பட்ட ஓலைச்சுவடி ஏடு ஏடாகப் பிரிவதுபோல் தெரிந்தால் அது உள்ளுக்குள் ஓடும் அரிப்பு. இறக்கை இணையும் இடத்தில் அப்படி இருந்தால் விமானத்தின் கீழ் யாரையும் நிற்க விடாதீர்கள். கட்டமைப்பு தெரிந்த ஒருவர் வந்து பார்க்கும்வரை இறக்கைக்கு முட்டுக் கொடுத்து வையுங்கள்.

கழுவும் தண்ணீரைப் பற்றி ஒன்று. நாகை, வேதாரண்யம் பக்கம் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் கழுவினால், இல்லாத உப்பையும் நீங்களே கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள். மழைநீரைத் தொட்டியில் சேர்த்து வையுங்கள், இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீர். பக்கத்துப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் சில்வர் நைட்ரேட் கரைசல் இருக்கும். கழுவி வழியும் தண்ணீரைக் கொஞ்சம் பிடித்து அதில் இரண்டு சொட்டு விட்டால், உப்பு இருக்கும்வரை பால்போல் வெளுக்கும். வெளுப்பது நிற்கும்வரை கழுவ வேண்டும். பைக் கழுவும் பிரஷர் பம்ப் வேண்டாம், அது ரிவெட் இடுக்கு வழியாகத் தண்ணீரை உள்ளே ஏற்றிவிடும். சாதாரண ஹோஸ், மென்மையான சோப்பு நீர், காலை வேளை. வெயில் ஏறுவதற்குள் முடித்தால் மாலைக்குள் உள் இடுக்கெல்லாம் காய்ந்துவிடும். கடலோரத்தில் மாதம் ஒருமுறையாவது இது நடக்க வேண்டும்.

அரக்கோணம் கடற்படைத் தளத்தில் 2017 மார்ச்சில் ஓய்வுபெற்ற டியூ-142 விமானம் ஒன்று இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. ஜெட் இல்லை, புரொப்பெல்லர் சுற்றும் டர்போபிராப். ஆனால் உப்புக் காற்றில் ஒரு பெரிய விமானத்தை வைத்துக்கொள்வது என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அதைப் போய்ப் பார்க்கலாம். அங்கே பராமரிப்பு வேலைக்கு ஓய்வே இருக்க முடியாது.

நாங்கள் சிலைக்குப் புளி போட்டுத் துலக்குவோம். பளபளவென்று இருக்கும் பழைய மிக் விமானங்களைப் படத்தில் பார்த்திருக்கிறேன். அலுமினியத்துக்கும் புளி ஆகுமா அண்ணா? – சிற்பி, சுவாமிமலை

ஆகாது தம்பி. உலோகத்தோடு வாழ்கிறவர் கேட்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

தொடக்க கால மிக்-21களில் பல, பெயிண்ட் இல்லாமல் வெறும் உலோகமாகவே பறந்தன, நீங்கள் பார்த்தது உண்மை. ஆனால் அந்தப் பளபளப்பு துராலுமினுடையது இல்லை. செம்பு கலந்த உலோகம் சீக்கிரம் அரியும் என்பதால், தகட்டின் இரு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிய படலமாக ஒட்டி உருட்டியிருப்பார்கள். காப்பாற்றுவது அந்தப் படலம்தான். மொத்தத் தகடே ஒன்றிரண்டு மில்லிமீட்டர், அதில் ஒரு பக்கத்துப் படலம் நூறில் சில பங்குதான். புளியோ, எலுமிச்சையோ, பித்தளை பாலிஷோ போட்டு வருடா வருடம் தேய்த்தால் படலம் தேய்ந்து, அடியில் இருக்கும் கலவை வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு தேய்த்தாலும் கறுக்கத்தான் செய்யும். மணலடித்துச் சுத்தம் செய்வது இன்னும் பெரிய கொடுமை, ஒரே நாளில் படலம் போய்விடும்.

தூசியை ஈரத்துணியால் எடுத்து, காயவைத்து, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லிசாகப் பூசுங்கள். அருங்காட்சியகங்களில் செப்புத் திருமேனிகளுக்குப் பூசும் அதே வகை மெழுகுதான். கை உங்களுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும்.

விமானியின் இருக்கை உள்ளேயே இருக்கிறது. மாணவர்கள் உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள். ஆபத்து ஏதும் உண்டா? – பாலிடெக்னிக் ஆசிரியர், மயிலாடுதுறை

சார், இதைப் படித்ததும் காக்பிட்டைப் பூட்டிவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

எஜெக்ஷன் சீட் என்பது வெடிமருந்தின் மேல் வைத்த நாற்காலி. விமானியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் வெளியே வீச, இருக்கைக்குப் பின்னால் வெடிகுழாய் இருக்கும், சில வகைகளில் அடியில் ராக்கெட்டும் இருக்கும். பாராசூட்டை இழுக்கத் தனிக் கார்ட்ரிட்ஜ், மேல்மூடியைப் பிய்த்தெறியத் தனிக் கார்ட்ரிட்ஜ். சில விமானங்களில் கண்ணாடி மூடியிலேயே வெடிநூல் ஒட்டியிருக்கும். இந்த மருந்துக்குக் காலாவதி தேதி உண்டு. காலாவதி ஆனால் வெடிக்காது என்று அர்த்தம் இல்லை. எப்போது, எதற்கு வெடிக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாத நிலைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். 2011 நவம்பரில் பிரிட்டனின் ரெட் ஆரோஸ் சாகசக் குழுவின் ஹாக் விமானம் ஒன்றில், தரையில் நிற்கும்போதே இருக்கை வெளியேறி, பாராசூட் விரியாமல் விமானி இறந்தார். அன்றாடம் பராமரித்து வந்த விமானத்திலேயே அப்படி.

காட்சிக்குக் கொடுக்கும்முன் படைத்தரப்பில் மருந்தையெல்லாம் எடுத்துவிடுவதுதான் முறை. எடுத்ததற்கான தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும். இருக்கை, மேல்மூடி, எஞ்சின் தீயணைப்புச் சிலிண்டரின் வெடிதிரி, துப்பாக்கி, வெளியே தொங்கும் டாங்கைக் கழற்றிவிடும் வெடிப்பொறி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். ‘எல்லாம் எடுத்தாச்சு சார்’ என்று வாயால் சொன்னதை நம்பாதீர்கள். தாள் இல்லையென்றால் விமானப்படைக்கே எழுதி, ஆயுதப் பிரிவு ஆட்களை வரவழையுங்கள். உள்ளூர் மெக்கானிக் ஒருவரும் அந்த இருக்கையில் கைவைக்கக் கூடாது. விமானத்துக்குள் அழுத்தக் காற்று சிலிண்டர், ஆக்சிஜன் சிலிண்டர், ஹைட்ராலிக் அழுத்தக் கலன் இருக்கின்றனவா என்பதையும் அவர்களே பார்க்கட்டும்.

இருட்டில் மின்னும் மீட்டர்கள் இருக்குமாமே. எங்கள் விமானத்தில் உள்ளவை இப்போது மின்னுவதில்லை. அப்படியென்றால் பயமில்லைதானே? – நீடாமங்கலம்

பயம் உண்டு. பழைய மீட்டர்களில் முள்ளுக்கும் எண்ணுக்கும் ரேடியம் கலந்த சாயம் பூசியிருப்பார்கள். ரேடியத்தின் கதிர்வீச்சு பட்டு மின்னுவது அதோடு கலந்த துத்தநாக சல்ஃபைடு. சில பத்தாண்டுகளில் அந்தச் சல்ஃபைடு செத்துவிடும், மின்னுவது நிற்கும். ரேடியம்-226இன் அரையாயுள் சுமார் 1,600 ஆண்டு, ஆகவே கதிர்வீச்சு அப்படியேதான் இருக்கிறது. கண்ணாடி உடையாமல் முழுசாக இருக்கும் மீட்டரைத் தள்ளி நின்று பார்ப்பதில் பெரிய ஆபத்து இல்லை. கண்ணாடி உடைந்து, உதிர்ந்த பொடி மூச்சிலோ வாயிலோ போவதுதான் ஆபத்து. திறந்து துடைக்காதீர்கள், வீட்டுக்கு எடுத்துப்போய் அலமாரியில் வைக்காதீர்கள். கதிர்வீச்சுமானி உள்ள இயற்பியல் துறையை அழைத்து அளந்து, கதிர்வீச்சு இருந்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வழிகாட்டலின்படி நடங்கள். ரேடியம் சிதையும்போது வரும் ரேடான் என்ற கதிரியக்க வாயு மூடிய காக்பிட்டில் சேரும் என்பதால், திறந்ததும் உள்ளே தலையை நீட்டாமல் கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள்.

கஜா புயலில் தென்னை மொத்தமும் போன ஊர் எங்களுடையது. இங்கே விமானத்தை நிறுத்தினால் தாங்குமா? மழைக்காலத்தில் தார்ப்பாய் போட்டு மூடினால் என்ன? – விவசாயி, பட்டுக்கோட்டை

2018 நவம்பர் 16 விடியலை மறக்க முடியாதுதான். விமானம் காற்றில் எழும்புவதற்கென்றே வடிவமைத்த பொருள் என்பதை நினைவில் வையுங்கள். எதிர்க்காற்று பலமாக வந்தால் எஞ்சின் ஓடாமலே இறக்கை தூக்கும். எஞ்சினையும் கருவிகளையும் கழற்றிய விமானம் எடை குறைந்து நிற்பதால் இன்னும் எளிதாக அசையும்.

தளம் போடும்போதே இரும்பு வளையங்களைக் கான்கிரீட்டுக்குள் ஆழமாகப் பதித்துவிடுங்கள். விமானத்தில் கட்டுவதற்கென்றே இடங்கள் உண்டு, சக்கரக் காலில் ஒன்று, இறக்கையின் அடியில் ஒன்று என்று குறித்திருப்பார்கள். அங்கே மட்டும் கட்டுங்கள். சுக்கான், எலிவேட்டர், ஃப்ளாப் என்று வாலிலும் இறக்கையிலும் அசையும் தகடுகள் எல்லாவற்றையும் ஆடாமல் ஆப்பு வைத்துப் பூட்டுங்கள். காற்றில் அடித்துக்கொண்டே இருந்தால் கீல் முறியும். சுற்றிலும் விழக்கூடிய தென்னையோ, பறக்கக்கூடிய தகரமோ இருக்கக் கூடாது. நான் பார்த்தவரை புயலில் விமானத்துக்கு வந்த சேதம் பெரும்பாலும் வேறெதோ ஒன்று அதன்மேல் வந்து விழுந்ததால்தான்.

தார்ப்பாய் வேண்டாம். அடியில் ஈரம் அடைபடும், காற்றில் படபடவென்று அடித்துப் பெயிண்டைத் தேய்க்கும். புயல் எச்சரிக்கை வந்தால் கண்ணாடி மூடிக்கும் எஞ்சின் வாய்க்கும் மட்டும் உறை கட்டுங்கள். புயல் போன மறுநாளே கழற்றிவிடுங்கள்.

விமானத்துக்கு ‘புதுசாக’ பெயிண்ட் அடிக்கச் சொல்லி ஆர்டர் வந்திருக்கிறது. பழையதைச் சுரண்டிவிட்டு நீலத்தில் அடித்து, பெரிய தேசியக் கொடி வரையச் சொல்கிறார்கள். ஏதும் கவனிக்க வேண்டுமா சார்? – பெயிண்டர், கும்பகோணம்

நீங்கள் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பெரும்பாலும் அடித்து முடித்த பிறகுதான் எனக்குத் தெரியவரும்.

சுரண்டுவதற்கு முன்னால் விமானத்தை ஒரு சுற்று நடந்து, கையகலத்துக்குக் கையகலம் படம் எடுங்கள். வால் எண், படைப்பிரிவின் சின்னம், விமானப்படையின் மூவர்ண வட்டக் குறி, ‘இங்கே மிதிக்காதே’, ‘இங்கே ஜாக் வை’, ‘இந்த மூடிக்குள் இன்ன எண்ணெய்’ என்று சின்ன எழுத்தில் எழுதியவை எல்லாம் வேண்டும். அளவுகோலை ஒட்டிவைத்து எடுங்கள். அந்த எழுத்துகளை டிரேசிங் தாளில் பிரதி எடுத்து வையுங்கள்.

அப்புறம், மறைவான ஓரிடத்தில், ரூபாய் நாணயம் அகலத்துக்கு, மிக நைசான ஈர எமரித் தாளால் மெதுவாகத் தேயுங்கள். அடுக்குகள் வளையம் வளையமாக வெளியே வரும். மேலே காட்சிக்காக அடித்த வெள்ளி, அடியில் பச்சையும் பழுப்புமான மறைப்பு வண்ணம், அதற்கும் அடியில் வேறொரு சாம்பல், கடைசியில் மஞ்சள்பச்சை பிரைமர். அந்த விமானம் எந்தெந்தக் காலத்தில் எந்த வண்ணத்தில் பறந்தது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. மொத்தமாகச் சுரண்டினால் ஒரே வாரத்தில் இந்த ஆதாரம் குப்பைக்குப் போய்விடும். உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பெயிண்டை விட்டுவைத்து, உரிந்த இடத்தை மட்டும் செப்பனிடுவதுதான் என் கட்சி. முழுதாக அடித்தே தீர வேண்டும் என்றால், ஒரு மூடித்தகட்டையாவது தொடாமல் அப்படியே விட்டுவையுங்கள்.

அந்த மஞ்சள்பச்சை பிரைமரில் குரோமேட் இருக்கும், புற்றுநோய் வரவழைக்கும் பொருள். மிஷின் வைத்து உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். ஈரமாகத் தேய்த்து, சரியான முகமூடியும் கையுறையும் போட்டு, வரும் சேற்றை வாய்க்காலில் ஊற்றாமல் டப்பாவில் சேர்த்து வையுங்கள். வீட்டுக்குப் போகும்முன் உடுப்பு மாற்றுங்கள், வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

கொடி வரையச் சொன்னவரிடம், விமானத்தின் வாலில் ஏற்கெனவே மூவர்ணம் இருக்கிறது என்று காட்டுங்கள். பறந்தபோது எப்படி இருந்ததோ அப்படி நிறுத்துவதுதான் அதை ஓட்டியவர்களுக்குச் செய்யும் மரியாதை.

டயர் இரண்டும் உட்கார்ந்துவிட்டது. லாரி டயர் போடலாமா? – மன்னார்குடி

வேண்டாம். ஜாக் வைக்கும் இடங்களில் இரும்பு முட்டுக் கொடுத்து, மேலே மரக்கட்டை வைத்து, எடையை முட்டு தாங்கும்படி செய்யுங்கள். டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் பழைய டயரே இன்னும் பல வருடம் வரும். சக்கரக் காலின் பளபளப்பான தண்டில் கிரீஸ் பூசி வையுங்கள்.

கண்ணாடி மூடி மங்கி, உள்ளே மெல்லிய கோடு கோடாக வெடித்திருக்கிறது. துடைக்க எது நல்லது? – தஞ்சாவூர்

அது கண்ணாடி இல்லை, அக்ரிலிக். தின்னர், பெட்ரோல், ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் அமோனியா கலந்த திரவம் எதுவும் படக் கூடாது. அந்தக் கோடுகளை அதிகமாக்குவதே அவைதான். தண்ணீர் விட்டு, வெறுங்கையால் மணல் துகளைத் தடவி எடுத்து, பிறகு மென்மையான பருத்தித் துணி. வந்த கோடு போகாது. வெள்ளைப் பருத்தி உறை போட்டு வெயிலைத் தடுத்தால் மேலும் வராது.

குளவி, மைனா, வௌவால், எலி எல்லாம் குடியேறிவிட்டன. மருந்து அடிக்கலாமா? – பள்ளித் தாளாளர், பாபநாசம்

சுற்றிலும் வயல், நடுவில் பொந்துகள் நிறைந்த ஒரு உலோகப் பொருள். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மருந்தால் நிரந்தரத் தீர்வு கிடைக்காது, வாசலை அடைக்க வேண்டும்.

எஞ்சினின் முன்வாய்க்கும் பின்வாய்க்கும் அளவெடுத்துச் சட்டம் செய்து நைலான் வலை அடியுங்கள். பலகை வைத்து அடைத்தால் காற்றோட்டம் போய்விடும். வெறும் இரும்புக் கம்பிவலை அலுமினியத்தில் உரசக் கூடாது. மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும், வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாயில்தான் குளவி மண்கூடு கட்டும், அதற்கு ஒரு துணி உறை போதும். பறவை, வௌவால் எச்சத்தைக் காய விடாதீர்கள். அதில் உள்ள அமிலம் பெயிண்டைத் தாண்டி உலோகத்தில் தழும்பு போடும். நனைத்து ஊறவைத்து எடுங்கள், சுரண்டாதீர்கள், எடுக்கும்போது முகமூடி போடுங்கள்.

இங்கேதான் அந்த வடிகால் துளைகளை மறுபடியும் சொல்ல வேண்டும். விமானத்தின் அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், பென்சில் நுழையும் அளவில் துளைகள் வரிசையாகத் தெரியும். குளவி மண், பூச்சிக்கூடு, பழைய பெயிண்ட் என்று பாதி அடைத்திருக்கும். இரும்புக் கம்பியால் குத்தாதீர்கள், விளிம்பில் கீறல் விழுந்து அங்கேயே அரிப்பு ஆரம்பிக்கும். மூங்கில் குச்சியைச் சீவி மெல்ல நுழைத்துச் சுற்றுங்கள். சில சமயம் குச்சியை எடுத்ததும் மண் நிறத்தில் தண்ணீர் முழங்கை வழியாக ஓடும். அது எத்தனை மாதம் உள்ளே நின்ற தண்ணீரோ!

விமானத்தை ஏற்றிவர என் லாரி கேட்டிருக்கிறார்கள். இறக்கையை வெட்டித்தான் கொண்டுவர வேண்டும் என்கிறார் ஒருவர். நிஜமா? – லாரி உரிமையாளர், திருத்துறைப்பூண்டி

வெட்டச் சொல்கிறவரை வேலையிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். கேஸ் கட்டரால் இறக்கையை அறுத்து, ஊருக்குக் கொண்டுவந்து வெல்டிங் பண்ணி, மேலே பட்டி பூசிய விமானத்தை நான் பார்த்திருக்கிறேன். இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார் அறுந்த பிறகு அதை யாராலும் பழையபடி ஆக்க முடியாது.

மிக்-21இன் இறக்கை முனைக்கு முனை 7.15 மீட்டர்தான். இறக்கையும் போல்ட் கழற்றினால் வரும். எஞ்சினை எடுப்பதற்காகவே உடம்பின் பின்பாதி தனியாகக் கழலும். நேட் என்ற பழைய போர் ஜெட் இன்னும் சின்னது. துருப்பிடித்த போல்ட்டுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டுப் பல நாள் பொறுமையாக இருக்க வேண்டும். முன்பக்கக் கருவிகளை எடுத்துவிட்டு எஞ்சினை உள்ளேயே விட்டிருந்தால் விமானம் வாலில் உட்கார்ந்துவிடும், ஆகவே தூக்குவதற்கு முன் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பெல்ட்டால் தூக்குங்கள், சங்கிலி வேண்டாம். வரும் வழியை முன்கூட்டியே பைக்கில் போய்ப் பார்த்து வாருங்கள். நம் பக்கத்தில் வாய்க்காலுக்கு வாய்க்கால் குறுகல் பாலமும் தாழ்வான மின்கம்பியும்தான் தொல்லை. மின்வாரியத்துக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் முன்பே எழுதிவிடுங்கள்.

சார், நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் ஊருக்கு மேலே சுகோய் போகும்போது வீடே அதிரும். பழைய ஜெட்டையும் ரிப்பேர் பண்ணி மறுபடி பறக்க வைக்கலாமா? – வல்லம்

தம்பி, 2020 ஜனவரியிலிருந்து தஞ்சாவூர்த் தளத்தில் சுகோய்-30 படைப்பிரிவு இருக்கிறது. நீ கேட்பது அந்தச் சத்தம்தான்.

பழைய விமானத்தைப் பறக்க வைத்திருக்கிறார்கள். நம் விமானப்படையிடமே ‘பரசுராமா’ என்று பெயர் வைத்த பழைய டகோட்டா ஒன்று, பிரிட்டனில் சீர்செய்யப்பட்டு 2018இல் பறந்து இந்தியா வந்தது. ஆனால் அது புரொப்பெல்லர் விமானம். ஜெட் என்றால் கதை வேறு. பிரிட்டனில் வல்கன் என்ற பெரிய குண்டுவீச்சு ஜெட்டை மக்கள் பணம் திரட்டி 2007இல் பறக்க வைத்தார்கள். 2015 வரை பறந்தது. வடிவமைப்புக்குப் பொறுப்பேற்ற நிறுவனங்கள் இனி உத்தரவாதம் தர முடியாது என்றதும் நிறுத்திவிட்டார்கள். ஜெட் எஞ்சினின் சுழலும் தகடுகளுக்கு இத்தனை மணி நேரம்தான் என்று ஆயுள் உண்டு. ஆயுள் முடிந்த பாகத்துக்கு மாற்றுப் பாகம் செய்வார் இல்லை. அருங்காட்சியகத்தில் நிற்பதை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதே. உலர்ந்த எண்ணெய்க் குழாயும் குளவிக்கூடும் உள்ள எஞ்சின் தீப்பிடிக்கும். நின்றுகொண்டிருக்கும் விமானத்திலேயே நீ கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஒரு மூடியைத் திறந்து, அந்தக் குழாய் எங்கிருந்து எங்கே போகிறது என்று பென்சிலால் வரைந்து பார்.

வாய்க்கால் தூர்வாரப் பணம் இல்லை, பள்ளிக்கூடம் ஒழுகுகிறது. இதில் போர் விமானத்துக்குக் கொட்டகை போடுவது சரியா? – காரைக்கால்

நியாயமான கேள்வி. பராமரிக்க முடியாத ஊர் கேட்டு வாங்கவே கூடாது என்பதுதான் என் பதிலும். ஒருமுறை வாங்கும் செலவைப் பார்த்து யாரும் முடிவெடுக்காதீர்கள். ஒவ்வொரு வருடமும் கழுவ, பார்க்க, செப்பனிட ஆளும் பணமும் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் பள்ளிக் கூரையைச் சரிசெய்யுங்கள்.

முடிந்த ஊர் ஒன்று செய்தால் அதற்கு அர்த்தம் உண்டு என்றும் நம்புகிறேன். ஹெச்.எஃப்-24 மாருத் என்ற போர் ஜெட் 1961 ஜூன் 17 அன்று பெங்களூரில் முதன்முதலாகப் பறந்தது. ஜெர்மானியர் குர்ட் டேங்க் தலைமையில் நம் எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) பொறியாளர்கள் வடிவமைத்தது. 147 விமானங்கள் கட்டினோம். 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் சண்டையிட்டது. இன்று மாருத்தைப் பார்க்க வேண்டுமானால் பெங்களூர் எச்.ஏ.எல். அருங்காட்சியகம், மும்பை நேரு அறிவியல் மையம் என்று சில இடங்களுக்குத்தான் போக வேண்டும். ஜெர்மனியில் ஷ்லைஸ்ஹைமில் ஒன்றைக் கூரைக்கடியில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். நேட் விமானத்தில் 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரைக் காக்கத் தனியாளாகப் போரிட்டு இறந்த நிர்மல்ஜித் சிங் செக்கோன்தான் விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே ஆள். நேட்டின் பக்கத்தில் நின்று பார்த்தால், இவ்வளவு சின்ன விமானத்திலா என்று நெஞ்சை அடைக்கும். புத்தகத்தில் படித்தால் அது வராது.

எங்களிடம் உள்ள விமானத்தின் கதை யாருக்கும் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது? – நூலகர், கும்பகோணம்

வால் எண்ணிலிருந்து தொடங்குங்கள் அம்மா. மேல் பெயிண்டில் எழுதியதை அப்படியே நம்பாமல், காக்பிட்டுக்குள்ளும் சக்கர அறையிலும் ரிவெட் அடித்திருக்கும் தகடுகளைப் பாருங்கள். தயாரிப்பு எண் அங்கேதான் இருக்கும். அதை வைத்து விமானப்படைத் தலைமையகத்துக்கும் எச்.ஏ.எல்.லுக்கும் எழுதுங்கள். லாக்புத்தகத்தின் பிரதி கிடைத்தால் அதிர்ஷ்டம். டெல்டாவில் ஓய்வுபெற்ற விமானப்படையினர் நிறையப் பேர் இருக்கிறார்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகச் செய்தி சொல்லி, அந்த வகை விமானத்தில் வேலை பார்த்தவர்களைக் கூப்பிட்டு, பேசச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். அவர்களுக்கு வயதாகிறது, இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கூடவே நீளமான ஒரு கணக்கு நோட்டு வாங்கி, இன்றைய தேதியிலிருந்து எழுதத் தொடங்குங்கள். எப்போது கழுவினார்கள், எந்த மூடியைத் திறந்தார்கள், என்ன பெயிண்ட், எந்தக் கம்பெனி, என்ன பாகத்தைக் கழற்றி எந்தப் பீரோவில் வைத்தார்கள், எல்லாம் இருக்க வேண்டும். விமானத்தின் படம் எட்டுத் திசையிலிருந்தும் வருடம் இருமுறை, ஒரே இடத்தில் நின்று எடுத்து ஒட்டுங்கள். முதல் படத்தைப் புரட்டாசி முடிவதற்குள் எடுத்துவிட்டால், மழை ஓய்ந்து தை மாதம் எடுப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.